மருதடி மயிர் வழக்கு

மலையிலிருந்து இறங்கி வருகிற ஓடை முதன்முதலாக ஊர் என்ற ஒன்றைப் பார்க்கிற இடம் மருதடி. அந்த ஊர்க்காரர்களுக்குப் பிடரியில் தொடங்கி முதுகுத்தண்டு வழியாக இடுப்பு வரைக்கும் நுனி வெளுத்த சாம்பல் மயிர் முளைத்திருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், தொட்டில் பிள்ளைக்கும் பல் போன கிழவனுக்கும், வெயில் பட்டால் மினுங்கும், மழை பட்டால் ஒட்டாமல் வழியும். இப்போது போனாலும் பார்க்கலாம், சட்டையைக் கழற்றச் சொல்லிக் கேட்கிற துணிச்சல் இருந்தால். குருபாதத்தின் மாந்தோப்பில் நரை அணில்கள் கருகிச் செத்த பங்குனி மாதத்தில் அது முளைத்தது. ஏன் முளைத்தது என்று கேட்டால் ஊரில் யாரிடமும் பதில் கிடையாது. முளைத்ததை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்தது என்பதற்குப் பதில் உண்டு, அதைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நரை அணில் என்பது வீட்டுக் கூரையில் ஓடித் திரிகிற மூன்று கோட்டு அணில் அல்ல. பூனை அளவு உடம்பும் அந்த உடம்பைவிட நீண்ட வாலுமாக, மண்ணில் கால் வைக்காமல் மரத்துக்கு மரம் பாய்ந்தே பிறந்து வளர்ந்து பெற்றுச் சாகிற பிராணி. ஓடைக்கரையின் மருதும் புளியும் மலை வரைக்கும் கிளை கோத்து நின்றபோது அதற்குப் போகவர வழி இருந்தது. குருபாதம் கரையை வளைத்து, மருதை வெட்டி, மாந்தோப்புப் போட்ட பிறகு மலைக்கும் ஓடைக்கும் நடுவே அந்தத் தோப்பு ஒன்றுதான் பாலம். பாலத்தில் போகிறவன் வழியில் தொங்குகிற பழத்தைக் கடிக்காமலா போவான்? அணில் கடித்த பழம் இனிக்கும் என்று ஊர்ப்பிள்ளைகள் பொறுக்கித் தின்றார்கள், குருபாதத்துக்கு மட்டும் அது கசந்தது. மர உச்சிகளை இணைத்து மெல்லிய கம்பி இழுத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து அதில் மின்சாரம் விட்டார்.

செத்து விழுந்ததையெல்லாம் அவர் வீணாக்கவில்லை. அணில் கறி இளைப்புக்கு நல்லது என்று தெருத்தெருவாகப் பங்கு போட்டு அனுப்பினார், ஊரும் தூக்குவாளியை நீட்டி வாங்கிக்கொண்டது, இளைப்பு இருந்தவனும் தின்றான், இல்லாதவன் இனிமேல் வரக்கூடாது என்று தின்றான். தோலை உரித்து எரித்தார்கள். எலும்பு நாய்களுக்குப் போயிற்று. எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்த தோப்புக் காவல்காரன் சங்கிலியை, மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்கென்று லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். கம்பியின் முறுக்கில் ஒரு மயிர்க்கொத்து, அடியில் நகக்கண் அளவு தோலோடு, சிக்கிக்கொண்டிருந்ததை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

அதைக் கண்டுபிடித்து, குருபாதத்தின்மேல் வழக்குப் போட்ட வனவர் செல்லத்துரைக்கு, கொண்டுபோய்க் கொடுக்க இருந்த ஒரே ஆள் ரூபவதி. மருதடியில் பிறந்து, பக்கத்து நகரத்துக் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுக்கிறவள், தனியாள், கோபக்காரி. மலைச்சாலையில் அடிபட்டுக் கிடந்த நரை அணில்களின் தோலையும் மயிரையும் மெழுகில் புதைத்து, சீவல் சீவலாக அறுத்து, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தே டாக்டர் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டத்துக்கு ஊர் கொடுத்த மரியாதை 'மயிர் டாக்டர்' என்ற பெயர்தான். அவள் தெருவில் நடந்தால் டீக்கடைப் பெஞ்சிலிருந்து யாராவது ஒருவன், "என்ன மயிரைக் கண்டுபிடிச்சாகளாம்?" என்று மற்றவனைக் கேட்பான், மற்றவன் சிரிப்பான். சிரிக்கிறவனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும், அந்தச் சொல்லுக்குள் எத்தனை அறைகள் இருக்கின்றன என்பது.

"மயிரைக் கட்டி மலையை இழுக்கோம் மேடம்," என்றார் செல்லத்துரை, கவரை நீட்டியபடி. "வந்தா மலை, போனா மயிரு."

"அப்படிச் சொல்லாதீங்க துரை. இந்தக் கேசு போனா கம்பியில திரும்பவும் கரண்ட் வரும். அடுத்த காய்ப்புக்கு ஓடைக்கரையில மிச்சம் இருக்கறதும் போயிரும். அப்புறம் இங்க நரை அணில்னு ஒண்ணு இருந்துச்சுன்னு நான் சிலைடைக் காட்டித்தான் சொல்லணும்."

அவள் அந்தக் கொத்தைப் பார்த்தாள். மேலே ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்கள், நடுவே சோளத்தட்டையின் நெட்டி போலக் காற்றறைகள் வரிசையாக, அடியில் கறுப்பு, மேலே பழுப்பு, நுனியில் வெள்ளை என்று பட்டை பட்டையாக நிறம். தோலில் ஒரே குழியிலிருந்து ஒரு தாய் மயிரும் அதைச் சுற்றிப் பிள்ளை மயிர்களும் சேர்ந்து புறப்பட்டிருந்தன. சாயமேற்றிய சீவலில் எல்லாம் ஊதாவும் ரோஜா நிறமுமாகத் தெரிந்தது. நரை அணிலேதான், சத்தியம் செய்யலாம். அறிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து படுத்தாள். காலையில் தலை சீவும்போது பிடரியில் ஏதோ உறுத்தியது.

மருதடி முழுவதும் அந்தக் காலையில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் அலறவில்லை. பால் கறக்கிறவன் கறந்தான், பஸ்ஸுக்குப் போகிறவன் போனான், "ஒனக்கு எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். மதியத்துக்குள் பேன் மருந்து தீர்ந்துபோயிற்று. வாரம் திரும்புவதற்குள் தையல்காரர்கள் முதுகு ஏற்றி ரவிக்கை தைத்தார்கள், மாதம் திரும்புவதற்குள் முதுகு இறக்கித் தைக்கச் சொல்லிப் பெண்கள் கேட்டார்கள், ஏனென்றால் அதற்குள் அது அழகு என்றாகியிருந்தது. கோயில் மொட்டைக்காரர் முதுகுக்குத் தனி ரேட் சொன்னார். மாதாகோயிலில் ஞானஸ்நானத் தண்ணீர் குழந்தையின் பிடரியில் ஒட்டாமல் உருண்டோடியது, பாதிரியார் இன்னொரு கை அள்ளி ஊற்றினார். கழுகின் நிழல் சந்தைக்கு மேலே கடந்துபோனால் சந்தையிலிருந்த அத்தனை முதுகுகளிலும் மயிர் ஒருசேர நிமிர்ந்து நின்று அடங்கும், அப்போதும் கத்தரிக்காய்க்குப் பேரம் நிற்காது.

ரூபவதி தன் முதுகிலிருந்து ஒன்றைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்தாள். பிறகு அடுத்த வீட்டுப் பிள்ளையினுடையது, பால்காரருடையது, மாதாகோயில் பெருக்குகிற அம்மாளுடையது. செதில் அதே செதில், நெட்டி அதே நெட்டி, பட்டை அதே பட்டை. ஒரே குழியில் தாயும் பிள்ளைகளும். செத்தவை ஊர் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன, இனி எந்த மனுசனாலும் அவற்றைத் தன்னுடையது அல்ல என்று சொல்ல முடியாது என்று அவள் நினைத்தாள். அன்றைக்கு அவளுக்கு ஊர்மேல் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது. படித்தவள்தான், ஆனாலும் சொந்த ஊரை அவள் சரியாகப் படிக்கவில்லை.

முதலில் வந்தவர்கள் மேலத்தெருக்காரர்கள். வெள்ளைத்தாளில் மடித்து மயிர் கொண்டுவந்திருந்தார்கள்.

"டீச்சரம்மா, இதைப் பாத்துச் சொல்லணும். எங்க தெரு ஆளுகளுக்கு நுனி வெளுப்பு கூட இருக்கு. அவுகளுக்கு அப்படி இல்ல. பொண்ணு பாக்க வர்றவுகளுக்குத் தெரியணும்ல, நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நல்லாருக்கும்."

மறுநாள் கீழத்தெருவிலிருந்து வந்தார்கள், தங்களுக்குப் பட்டை ஒன்று அதிகம் என்று. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு சேர்த்து மயிரையும் முடிந்து எடுத்துப் போகத் தொடங்கியிருந்தார்கள். மயிரிலும் மேல் கீழ் கண்டுபிடிக்கிற ஊர் இது.

"எல்லாம் ஒண்ணுதான்," என்றாள் ரூபவதி. "எல்லாம் அந்தச் செத்த அணிலோட மயிர். அதுல மேலத்தெரு அணில் கீழத்தெரு அணில்னு கிடையாது. போயிட்டு வாங்க."

வந்தவர்கள் முகம் சுருங்கிப் போனார்கள். போனவர்கள் நேரே குருபாதம் வீட்டுக்குப் போய், எல்லாம் ஒன்றுதானாம் என்று டீச்சர் சொன்னதைக் குறையாகச் சொன்னார்கள். குருபாதத்தின் வக்கீல் ஆளவந்தார் அப்போது அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சொன்னாங்க? திரும்பச் சொல்லுங்க," என்றார். அந்த ஒரு வாய்க் காபியில்தான் வழக்கு தலைகீழாயிற்று.

எல்லாம் ஒன்று என்றால், கம்பியில் இருந்த மயிர் மருதடிக்காரன் யாருடையதாகவும் இருக்கலாம் அல்லவா? அதைச் சொல்ல ஒரு சாட்சி போதும். ஊரே வரிசை கட்டி வந்தது. குருபாதத்தின் ஆழ்குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள், தோப்பில் கூலிக்குப் போகிறவர்கள், சித்திரைப் பந்தலில் அவர் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள், எல்லோருக்கும் மேலாக, தூக்குவாளியில் கறி வாங்கியவர்கள். தின்றவனுக்கும் ஜெயில் உண்டு என்று ஆளவந்தார் ஒரு பேச்சைப் பேசி வைத்திருந்தார். தின்னாதவன் எவனும் இல்லை. அந்த மயிர் பிறவியிலேயே இருப்பது, எங்கள் அப்பனுக்கும் இருந்தது, அவன் அப்பனுக்கும் இருந்தது என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்கள். பழைய போட்டோவைக் காட்டினால், "சட்டை போட்ட போட்டோவுல முதுகு தெரியுமா?" என்று கேட்டார்கள்.

குருபாதம் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் ரூபவதிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "நீயும் நம்ம ஊர்ப் பிள்ளதானம்மா. ஒன் முதுகுலயும் அதேதான இருக்கு. ஒரு பழந்திங்கிற சென்மத்துக்காக ஊர்க்காரன உள்ள தள்ளணுமா?"

"அந்தச் சென்மம் ஒங்க முதுகுல இருக்கு அண்ணாச்சி. அரிக்கலையா?"

"அரிச்சா சொறிஞ்சுக்கிடுவோம்," என்று சிரித்தார் அவர். பஸ் வந்தது. ரூபவதி, அறைய முடியாத கையால் கைப்பிடியைப் பற்றி ஏறிக்கொண்டாள்.

வழக்கு ஆவணியில் விசாரணைக்கு வந்தது. நீதிபதி வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், அவர் முதுகில் ஒன்றும் கிடையாது. கோர்ட்டுக் கூடத்தில் மருதடி நிரம்பி வழிந்தது. சாட்சிகள் ஏறினார்கள், இறங்கினார்கள், எள் என்றால் எண்ணெயாக நின்றார்கள். கடைசியாக ஆளவந்தார் வெள்ளத்தாயைக் கூண்டில் ஏற்றினார். சங்கிலியின் பெண்சாதி. ஒல்லியான உடம்பு, முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"அது எம் புருசன் மயிருங்கய்யா," என்றாள், படித்த பாடத்தை ஒப்பிக்கிற குரலில். "தோப்புக் காவலுக்குப் பரண்ல ஏறி உக்காருவாரு. பரணு கம்பியை ஒரசிக்கிட்டுத்தான் இருக்கும். சாயும்போது மாட்டியிருக்கும்."

"வேறு யாருடையதாகவும் இருக்க வாய்ப்பு உண்டா அம்மா?"

"இல்லைங்கய்யா. எனக்குத் தெரியாதா, அவரு மயிருதான்."

நீதிபதி ரூபவதியைத் திரும்பக் கூண்டுக்கு அழைத்தார். ஆளவந்தார் அங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"அம்மா, கம்பியில் கிடைத்த இந்த மயிர்..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டார். "இந்த முடி. நீங்களும் இங்கே முடி என்றே சொல்லுங்கள், நீதிமன்றத்துக்கு ஒரு கண்ணியம் உண்டு."

"தலையில இருந்தா முடி. இது தோலோட வந்தது. மயிர்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி மேசையைத் தட்டினார்.

"சரி, இருக்கட்டும். இந்த மயிரையும், இதோ உட்கார்ந்திருக்கிற மருதடிப் பெருமக்களின் முதுகு மயிரையும் உங்கள் நுண்ணோக்கியில் வைத்தால் வேறுபடுத்திச் சொல்ல முடியுமா?"

அவள் பொய் சொல்லலாம். அவளைத் தவிர அந்த மாவட்டத்தில் அதைப் படித்தவர் யாரும் இல்லை, மறுத்துப் பேச ஆளில்லை. நெட்டியில் ஒரு அறை கூடுதல் என்று சொன்னால் போதும், முடிந்தது. எதிரே வரிசையாக உட்கார்ந்து, பிறவியிலேயே இருந்தது என்று சத்தியம் செய்தவர்களின் முகங்களைப் பார்த்தாள். இவர்களைப்போல ஆக வேண்டுமானால் இந்த ஒரு பொய் போதும் என்று தோன்றியபோது அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"முடியாது," என்றாள்.

பெஞ்சுகள் குதூகலித்தன. செல்லத்துரை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆளவந்தார் கும்பிட்டு உட்காரப் போனார்.

"நான் இன்னும் முடிக்கலை," என்றாள் ரூபவதி. "அய்யா, யாருடைய மயிர்னு என்னால சொல்ல முடியாதுன்னுதான் சொன்னேன். மயிருக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியும். கேக்கணும்."

நீதிபதி தலையசைத்தார்.

"இந்த மயிருக்குள்ள கொப்புளம் கொப்புளமா இருக்கு. உள்ள இருக்கிற ஈரம் கண்மூடித் திறக்கறதுக்குள்ள கொதிச்சாத்தான் அப்படி வரும். ஒரசினா வராது, சாய்ஞ்சா வராது. அடியில இருக்கிற தோல் முழுசா வெந்துபோயிருக்கு, ரத்தக் குழாய்க்குள்ளயே ரத்தம் கட்டிப்போயிருக்கு. ஒவ்வொரு மயிருக்கு அடியிலயும் சின்னதா ஒரு தசை இருக்கு, பயந்தா மயிரை நிமித்தி வைக்கிற தசை. அதை நாம சொல்லி நிமித்தவும் முடியாது, அடக்கவும் முடியாது. இந்தத் தோல்ல அந்தத் தசை அத்தனையும் இழுத்துப் பிடிச்சபடியே நின்னுபோச்சு. அடங்கவே இல்லை. அடங்கறதுக்கு உசுரு இருந்திருக்கணும்." அவள் மூச்சு வாங்கினாள். "எதிர்த்தரப்பு சொல்றதை நான் ஒத்துக்கறேன். இது மனுசனோட மயிர். அப்படின்னா அந்தக் கம்பியில ஒரு மனுசன் கருகிச் செத்திருக்கான். அது யார்னு இவங்களையே கேளுங்க. எங்களுக்குத்தான் தெரியும்னு இத்தனை பேர் சொன்னாங்களே."

ஆளவந்தார் எழுவதற்குள் வெள்ளத்தாயின் குரல் மெதுவாக வந்தது.

"டீச்சரம்மா. அப்ப எம் புருசன் செத்துட்டாரா?"

ரூபவதி அவளைப் பார்த்தாள். "அது ஒன் புருசன் மயிர்தான்னு நீதானம்மா சொன்ன." சொன்னவுடனே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளத்தாய் குருபாதத்தின் பக்கம் திரும்பினாள். சுருட்டிப் பிடித்திருந்த முந்தானை கையிலிருந்து நழுவியது. "மொதலாளி. போன் போட்டா எடுக்க மாட்டேங்குறாருன்னு வந்து கேட்டப்பல்லாம் அங்க டவர் இல்லைன்னு சொன்னீக. திருவிழாவுக்கு வரலியேன்னு கேட்டேன், லீவு இல்லைன்னு சொன்னீக. அவரு மயிருதான்னு என்னையச் சொல்லச் சொன்னதும் நீங்கதான." அவள் குரல் ஏறவே இல்லை. "எம் புருசன் எங்க?"

"சங்கிலி என்பவரைப் பங்குனிக்குப் பிறகு பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுந்து நில்லுங்கள்," என்றார் நீதிபதி.

யாரும் எழுந்திருக்கவில்லை. குருபாதத்துக்கு இரண்டு பக்கமும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தவர்கள் பெஞ்சில் மெல்ல நகர்ந்தார்கள். நீதிபதி ஓரத்தில் நின்ற இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, இனி இது வனவிலங்கு வழக்கல்ல, எந்தப் பிரிவில் பதிய வேண்டும் என்று உமக்குத் தெரியும் அல்லவா என்று கேட்டார். தெரியும் ஐயா என்றார் அவர்.

வெளியே வானத்தில் கழுகு எதுவும் இல்லை. இருந்தும் மருதடியின் மயிர் நிமிர்ந்தது, கடைசிப் பெஞ்சில் தொடங்கி வரிசை வரிசையாக, பிடரிகளில், ரவிக்கை விளிம்புகளில், காலர்களுக்கு மேலே, சாட்சி சொன்னவன் சொல்லாதவன் எல்லோர் முதுகிலும் ஒன்றாக எழுந்து நின்றது. யாராலும் அதை அடக்க முடியவில்லை. ரூபவதியின் முதுகிலும் எழுந்தது. குருபாதத்தின் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை முதுகுப்பக்கம் தானாகவே தூக்கிக்கொண்டு நின்றது, கூடம் முழுவதும் அதைப் பார்த்தது, அவர் கையைப் பின்னால் கொண்டுபோய் அழுத்திப் பார்த்தார், அது மறுபடியும் எழுந்தது. அவர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் காகிதங்களைப் பார்த்தார்.

"அவன் நல்லாத்தான் இருக்கான்யா," என்றார் குருபாதம். "ரப்பர் தோட்டத்துலதான் இருக்கான். அவன் போன் சிம்ம நான்தான் வாங்கி வச்சிருக்கேன். நாளைக்கே கூட்டியாந்து முன்னால நிப்பாட்டுறேன்."

"அப்படியென்றால் கம்பியில் செத்தது யார்?"

குருபாதம் எழுந்து நின்றார். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார், தண்ணீர் பிடித்தவர்களை, கூலிக்கு வந்தவர்களை, கறி தின்றவர்களை. ஒருவரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

"அது அணில் மயிருங்கய்யா," என்றார்.

வெள்ளத்தாய் கூண்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். நீதிபதி எழுதிக்கொண்டார். ஆளவந்தார் தலை நிமிரவில்லை, முடி என்று சொல்லுங்கள் என்று தன் கட்சிக்காரரை அவர் திருத்தவும் இல்லை.